நலன்புரிச் செயலாளரின் நன்றியுரை

வெட்கத்தை ஒருபக்கம் வைத்துவிட்டுச் சொல்கிறேன்: ஒரு முற்பகல் முழுவதும் நான் மனநல நிபுணராக இருந்திருக்கிறேன்.

அதற்காக ஒன்றும் படிக்கவில்லை. பதாகையில் அச்சடித்துவிட்டார்கள். கடலோரக் கிராமங்களில் வேலை செய்கிற ஒரு தொண்டு நிறுவனம், மன்னார் நகரத்துக்குள் கந்தோர் வைத்திருந்தது. அதன் மண்டபத்தில், 'மகிழ்ச்சியான மனம், மகிழ்ச்சியான அலுவலகம்' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே என் பெயர். பெயருக்குக் கீழே 'உளநல வளவாளர்'. இது பிழை, நான் பாடசாலையில் சரித்திரம் படிப்பிக்கிறவன், கலியாண வீடுகளிலும் பரிசளிப்பு விழாக்களிலும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பகிடி விடுகிறவன் என்று நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. பதாகையோடு நின்று போனில் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன்.

சென்ற வாரம் இதே பத்தியில், பெருநாள் மேடையிலிருந்து ஒலிவாங்கியோடு நான் கீழே விழுந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'இதைவிடக் கீழே ஒரு மனிதன் விழமுடியாது' என்று ஆறுதல் எழுதியிருந்தார். அவருக்காகத்தான் இந்த வாரம்.

மண்டபத்தில் மின்விசிறி காற்றைவிடச் சத்தத்தையே கூடுதலாகத் தந்தது. நான் அவர்களை எழுப்பி நிறுத்தி, கைகளை மேலே தூக்கச் சொல்லி, 'ஹோ ஹோ, ஹா ஹா' என்று சிரிக்கவைத்தேன். எங்கோ ஒரு காணொளியில் பார்த்தது. மேலிடத்து உத்தரவின் பேரில் சிரிக்கிற மனிதர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. வாய் கடமையைச் செய்யும். கண் சுவர் மணிக்கூட்டில் நிற்கும்.

சிரிப்பு எடுபடவில்லை என்று கண்டவுடன் பயந்துபோய், கைவசம் இருந்த பழைய ஆயுதத்தை எடுத்தேன். கறண்ட் நின்ற இரவில் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளையின் கதை. முழுவதையும் இங்கே எழுதமாட்டேன். தமிழ் மேடை எதற்கும் முன்னால் ஒரு தரமாவது இருந்தவர்களுக்கு அதில் ஒரு வடிவம் தெரிந்திருக்கும். இருட்டில் பெண்ணின் பல் மட்டும் தெரிவதில் முடிகிற கதை.

நானும் கறுப்பன்தான். மேடை ஏறுமுன் முகத்துக்குப் பவுடர் போடுகிறவன். அன்றைய படத்தில் கழுத்தடியில் எல்லை தெரிந்ததாக மனைவி ரீட்டா பிறகு சொன்னாள். கறுப்பான ஆம்பிளை கறுப்பான பொம்பிளையைப் பற்றிப் பகிடி விடலாம், அதற்கு எங்களுக்கு விசேட அனுமதி இருக்கிறது என்று எப்படியோ ஒரு எண்ணம் எனக்குள் இருந்தது. ஆர் தந்த அனுமதி என்று கேட்டால் தெரியாது.

மண்டபம் சிரித்தது. அன்று காலையில் வந்த முதலாவது உண்மையான சிரிப்பு. சிரித்துக்கொண்டே எல்லாத் தலைகளும் ஒன்றாகப் பின்பக்கம் திரும்பின, குசினிக் கதவுப் பக்கம். இளமையாகத் தெரியவேண்டும் என்று நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்ததால் அங்கே ஒன்றும் தெரியவில்லை. தேத்தண்ணி வருகிறது போலிருக்கு என்று நினைத்தேன்.

தேத்தண்ணி வந்தது. தட்டில் அரை ரோல்ஸ் ஒன்றும் வந்தது. சிக்கனமான நிறுவனம் என்று அதற்கும் மனதுக்குள் ஒரு புள்ளி போட்டேன்.

கடைசியாக நன்றியுரை. கடுகு நிறச் சேலை உடுத்த ஒரு பெண் ஒலிவாங்கிக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நெருக்கமான சுருள் தலைமயிரை ஒன்றுகூட அசையாதபடி கிளிப்புகளால் அமத்தியிருந்தார். கறுப்பு என்றால் என்னைப்போல எங்கள் ஊர்க் கறுப்பு அல்ல, அதைவிட ஆழம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தலைகள் எல்லாம் எதற்காகத் திரும்பின என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"நலன்புரிச் சங்கத்தின்ர சார்பில சேருக்கு நன்றி," என்றார். குரல் நல்ல தெளிவு. "சேரின்ர பேச்சைக் கேட்டு எங்கட மனப்பாரம் எல்லாம் குறைஞ்சு போச்சு."

நான் அந்த வசனத்தைக் குளிசை மாதிரி விழுங்கினேன். அவரே சொல்லிவிட்டாரே, பிறகென்ன?

யூட் ஓட்டிய வாகனம்

என்னை வீட்டில் கொண்டுபோய் விட்டது யூட். அந்த நிறுவனத்தின் சாரதி, ஒரு காலத்தில் என்னிடம் சரித்திரம் படித்து அதைப் பத்திரமாக மறந்தவன்.

"நல்லாச் சிரிச்சம், சேர்," என்றான்.

"நன்றியுரை சொன்ன பிள்ளை ஆர்?"

"ஆபிரிக்காவோ?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பிலோமினா, சேர். நாங்கள் ஆபிரிக்கா எண்டுதான் கூப்பிடுறது. பகிடிக்கு."

"அவவுக்கும் அது பகிடியோ?"

யூட் கியரை மாற்றினான். வீதியில் மூன்று கழுதைகள் படுத்திருந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டு போனான்.

"முதல்ல அவவும் சிரிச்சவ. பிறகு சிரிக்கிறதை விட்டுட்டா. பிறகு அழத் தொடங்கினா. பிறகுதான் முறைப்பாடு குடுத்தவ."

"குடுத்தாப் பிறகு?"

"பெரிய கூட்டம் வச்சவை. இனி ஆருக்கு என்ன மனவருத்தம் எண்டாலும் சொல்லுறதுக்கு ஒரு இடம் வேணுமெண்டு நலன்புரிச் சங்கம் தொடங்கினவை. முறைப்பாடெல்லாம் அதின்ர செயலாளரிட்டக் குடுக்கவேணும்."

"நல்லதுதானே. செயலாளர் ஆர்?"

"அவதான்."

நான் ஒரு தரம் கேட்டது போதாது என்று இன்னொரு தரம் கேட்டேன்.

"முறைப்பாடு குடுத்த ஆள்தான் முறைப்பாடு எடுக்கிற ஆளும், சேர். அவவுக்குத்தான் அதில அனுபவம் இருக்கெண்டு பணிப்பாளர் சொன்னவர். எல்லாரும் கைதட்டினவை. நானும்தான்."

மிச்சத்தையும் யூட் சொன்னான், வேறு ஏதோ ஊரில் நடந்த கதைபோல. பிலோமினா வெளிக்கள உத்தியோகத்தராக வந்தவர். ஓலைத்தொடுவாய்ப் பக்கம் கருவாடு போடுகிற பெண்களைச் சங்கமாக்கி, அவர்களுக்குப் பேச்சுப் பழக்கினவர். 'மினா அக்கா வந்தால்தான் கூட்டம்' என்று அந்தப் பெண்கள் சொல்வார்களாம். நலன்புரிப் பதவி வந்தபிறகு கந்தோரிலேயே இருக்கவேண்டி வந்தது. கூட்டத்துக்குத் தேத்தண்ணி, விருந்தினருக்கு மாலை, பதாகைக்கு ஆணி, எல்லாம் நலன்புரி. குடிதண்ணீர்ப் போத்தல் முடிந்தால் புதிய பெரிய போத்தலைத் தூக்கிக் கவிழ்த்து வைப்பதும் அவர்தான். அத்தனை ஆம்பிளைகளும் சுற்றி நின்று, 'ஆபிரிக்கா தூக்கும்' என்று உற்சாகப்படுத்துவார்களாம்.

மற்றப் பெண்களை எல்லாம் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். தட்டச்சுக்கு வந்த புதுப் பிள்ளைகூட மிஸ்தான்.

"நீயும் அப்பிடித்தான் கூப்பிடுறனியோ, யூட்?"

"எல்லாரும் அப்பிடிக் கூப்பிடேக்க நான் மட்டும் மிஸ் எண்டா, எனக்கும் அவவுக்கும் இடையில ஏதோ எண்டெல்லோ கதைப்பினம், சேர்."

மன்னார் சின்ன ஊர். ஒருவரை மரியாதையாகக் கூப்பிடுவதற்கும் இங்கே துணிவு வேண்டும்.

கப்பலில் வந்தவை

பிலோமினாவின் அப்பா வங்காலை. அம்மா புத்தளத்துப் பக்கம், சின்ன ஊர் ஒன்று. அங்கே இன்றைக்கும் சில குடும்பங்கள் இருக்கின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிறகு ஆங்கிலேயரும் ஆபிரிக்காவிலிருந்து சிப்பாய்களாகவும் அடிமைகளாகவும் கப்பலேற்றிக்கொண்டு வந்த மனிதரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் மட்டும் நாடு அவர்களைத் தேடிப்போகும். பிலோமினா பிறந்தது, வளர்ந்தது, திருமுழுக்குப் பெற்றது எல்லாம் வங்காலையில். என்னைவிடச் சுத்தமாக மன்னார்த் தமிழ் பேசுவார். என்றாலும், 'எவ்விடம்?' என்று கேட்டு, அவர் 'வங்காலை' என்றால், 'அது சரி, உண்மையா எவ்விடம்?' என்று இன்னொரு தரம் கேட்பார்கள்.

நான் சரித்திரம் படிப்பிக்கிறவன். இந்தத் தீவில் கப்பலில் வராத பொருளைத் தேடிப்பிடிப்பது கஷ்டம் என்று வருடாவருடம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பள்ளிமுனையில் நிற்கிற பெருக்கமரம் அரபு வணிகரோடு ஆபிரிக்காவிலிருந்து வந்ததென்பார்கள். வீதியில் படுத்துக் கிடக்கிற கழுதைகளும் அப்படித்தான் வந்தனவாம். நாங்கள் இருக்கிற கதிரை, உடுப்பு வைக்கிற அலுமாரி, சமைக்கிற குசினி, சம்பளத்துக்குப் போகிற கந்தோர் என்ற சொற்களை எல்லாம் வெள்ளைக்காரர் இறக்கிவிட்டுப் போனார்கள். என் பெயரும் மனைவியின் பெயரும் அப்படி இறங்கியவைதான்.

மரத்துக்கு வேலி அடித்து விளக்கப்பலகை வைத்திருக்கிறோம். கழுதைக்கு வைத்தியம் பார்க்கிறோம். கதிரையை எங்கள் சொல் என்கிறோம். அதே கப்பல்களில் வந்த ஒரு மனிதரின் பேத்தியை மட்டும் இன்னும் கரையில் இறங்கவிடவில்லை.

வெளிநாட்டு விருந்தினர் வந்தால் அந்த நிறுவனம் அவர்களை அந்த மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போகும். ஒரு தடவை ஆரோ, "பிலோமினா, உங்கட சொந்தக்காரரோட நிண்டு ஒரு படம் எடுங்கோ" என்றார்களாம். அவரும் போய் மரத்தோடு நின்றார். அந்தப் படத்தைச் சட்டம் போட்டுப் பணிப்பாளரின் அறையில் மாட்டினார்கள். கீழே 'பன்மைத்துவமே எங்கள் பலம்' என்று ஒரு வரி.

இதையும் யூட்தான் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும்.

பிழையான வாங்கு

பிறகு ஒரு காலம். சோளகக் காற்று எழும்பி, ஊர் முழுவதும் மண்ணை வாரி வீசிக்கொண்டிருந்தது. இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்க ஆஸ்பத்திரிப் பிறசர் கிளினிக்குக்குப் போனேன். நாங்கள் வரிசையாகக் குந்தியிருக்கிற நீள வாங்கு நிறைந்துபோய் இருந்தது. அதே தாழ்வாரத்தில், இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னொரு வாங்கு நல்ல நிழலில் அரைவாசி காலியாகக் கிடந்தது. மன்னாரில் நிழலில் ஒரு வாங்கு காலியாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று இந்த வயதிலாவது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். போய் இருந்தேன்.

"சேர், இது உங்கட வரிசை இல்லை."

ஷோலால் தலையை மூடிக்கொண்டு பிலோமினா இருந்தார். மெலிந்து, தோள் எலும்பு சட்டைக்குள்ளால் தெரிந்தது.

"பிறசருக்கு வந்தனான், பிள்ளை."

"அது அந்தக் கதவு. இது மனநலம்."

"இருக்கட்டும். அந்த வாங்கில இடமில்லை."

"இதில எப்பவும் இருக்கும்," என்றார்.

எழும்பிப் போகலாமோ என்று நினைத்தேன். எழும்பினால் ஏன் எழும்பினேன் என்று அவருக்கு விளங்கும். அதனால் இருந்தேன். துணிவில் அல்ல, கூச்சத்தில்.

"கனநாளா வாறீங்களோ?"

"கொஞ்ச நாளா. நித்திரை இல்லை, சேர். படுத்தா, அடுத்த நாள் ஆர் என்ன சொல்லப்போகினம், அதுக்கு நான் எப்பிடிச் சிரிக்கவேணும் எண்டு யோசிச்சுக்கொண்டு கிடப்பன். விடியும். பஸ் பாலத்தில ஏறேக்க நெஞ்சு படபடவெண்டு அடிக்கும், மூச்சு எடுக்கேலாது. கந்தோர் வாசல்ல, அவை கூப்பிட முன்னம் நானே சிரிச்சுக்கொண்டு உள்ள போயிடுவன்."

"முறைப்பாடு..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

"ஆரிட்ட?" என்றார். ஒரு விதமாக உதடு கோணியது. "என்னட்டத்தான். நான் எடுத்து வச்சிருக்கிறன்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். அதுதான் அவர் சிரித்து நான் பார்த்த ஒரே தரம்.

"அவை கூடாத ஆக்கள் எண்டும் சொல்லேலாது, சேர். அம்மா செத்தப்போ எல்லாரும் வந்து நிண்டவை. ஒரு மிஸ் என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு என்ர தலையைத் தடவினவ. துக்கத்தில தடவுறாவோ, இல்லாட்டி என்ர தலைமயிர் எப்பிடி இருக்கெண்டு பாக்கிறாவோ எண்டு எனக்கு விளங்கேல்ல. அம்மா பெட்டிக்க கிடக்கிறா. நான் பக்கத்தில நிண்டு அதை யோசிக்கிறன். அதுக்குப் பிறகுதான் இஞ்ச வந்தனான்."

வாங்கின் மறுமுனையில் இருந்த முதியவர் தன்பாட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் சொல்லினம் நான் பலமான பொம்பிளையாம், தாங்குவனாம். அதைச் சொல்லிச் சொல்லித்தான் எல்லாத்தையும் என்ர தலையில ஏத்தினம்."

அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பியவர் திரும்பி நின்றார்.

"சேர், பணிப்பாளர் உங்கட சொல்லுக்கு மதிப்புக் குடுப்பார். என்னைப் பழையபடி வெளிக்களத்துக்கு விடச்சொல்லி ஒருக்காச் சொல்லுவீங்களோ? வேற ஒண்டும் வேண்டாம். ஆரையும் ஏசவும் வேண்டாம். ஓலைத்தொடுவாய்க்குப் போனா அந்தப் பொம்பிளையள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவினம். நான் சுகமாயிடுவன்."

"கட்டாயம் சொல்லுறன், பிள்ளை," என்றேன்.

அந்தக் கறண்ட் நின்ற கதையைப் பற்றி மன்னிப்புக் கேட்க எனக்கு நல்ல சந்தர்ப்பம் அது. நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் மனப்பாரம் குறைந்தது என்று அவரே அன்றைக்குச் சொன்னாரே என்று ஞாபகம் வந்து, அதை மறுபடி விழுங்கிக்கொண்டேன்.

பணிப்பாளரின் அன்பு

பணிப்பாளர் நல்ல மனிதர். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. சாரதி முதல் காவலாளி வரை எல்லாருடைய பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரியும். இந்தக் கதையில் ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் எழுதுவதும் சுலபமாக இருந்திருக்கும், என் நித்திரையும்.

ஏலக்காய் போட்ட தேத்தண்ணி வந்தது. கொண்டுவந்து வைத்தது பிலோமினா. என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவருடைய தலைக்கு மேலே சுவரில் அவரும் பெருக்கமரமும் சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் போனபிறகு நான் தொடங்கினேன். வழக்கம்போல முதலில் ஒரு பகிடி. பணிப்பாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு விசயத்தைச் சொன்னேன். வெளிக்களம், ஓலைத்தொடுவாய், பிலோமினாவின் திறமை. மேடையில் பேசி என்ன பிரயோசனம், இங்கே ஒருக்கால் ஒழுங்காகப் பேசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேசினேன். நல்லாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"நாங்கள் அவவுக்கு ஒரு குறையும் விடேல்ல, சேர்," என்றார் பணிப்பாளர் கவலையோடு. "சங்கத்தையே அவவின்ர கையில குடுத்தனாங்கள். வெளிக்களத்துக்கு விடுறதுக்கு எனக்கு மனம்தான். ஆனா..." குரலைத் தாழ்த்தினார். "கிளினிக்குக்குப் போறாவாம். அந்த வாங்கில இருந்ததை எங்கட பிள்ளையொண்டு கண்டது. அப்பிடியான ஆளைச் சனத்துக்கு நடுவில எப்பிடி விடுறது? நாளைக்கு ஒண்டு நடந்தா?"

"கிளினிக்குக்குப் போறவை சுகமாக வேணுமெண்டுதானே போயினம்," என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன உருப்படியான வசனங்களில் அது ஒன்று.

பணிப்பாளர் என்னை மிகுந்த அன்போடு பார்த்தார்.

"உங்களையும் அந்த வாங்கில கண்டதாம், சேர். வீட்டில எல்லாரும் சுகம்தானே?"

"நான் பிறசருக்குப் போனனான்!"

அறைக்கு வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றுபோகிற அளவுக்குச் சத்தம். "எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லை! மற்ற வாங்கில இடமில்லாமத்தான் அதில இருந்தனான்! வேணுமெண்டா ரீட்டாவைக் கேளுங்கோ!"

"சேச்சே, நான் அப்பிடி நினைக்கேல்ல," என்றார் பணிப்பாளர்.

நினைத்தார் என்பது இருவருக்கும் தெரியும். அதைவிட ஒரு விசயம் எனக்கு மட்டும் தெரிந்தது. அந்த வாங்கில் இருப்பது வெட்கம் என்று பணிப்பாளரும் நானும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டோம். நான் முன்மொழிந்தேன், அவர் வழிமொழிந்தார். அதற்குப் பிறகு ஓலைத்தொடுவாய் என்ற சொல்லை என்னால் வாயில் எடுக்கமுடியவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். ஏலக்காய் தூக்கலாக இருந்தது.

வெளியே வரும்போது பிலோமினா தண்ணீர்ப் போத்தலோடு நின்றார். கண்ணால் கேட்டார். நான், 'பார்ப்போம்' என்கிற மாதிரித் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு என்ன கருத்து என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவர் குனிந்து போத்தலைத் தூக்கினார்.

அதற்கடுத்த கிழமைகளில் நடந்ததை யூட் சொல்லித்தான் அறிந்தேன். முதலில் அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள், அன்பாக, ஒரு பழக்கூடையோடு. ஓய்வு முடிகிற நேரத்தில் அவருடைய செயற்திட்டமும் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். முறைப்பாடுகள் எதுவும் கிடைக்கவில்லை என்றபடியால் நலன்புரிச் சங்கத்தையும் கலைத்துவிட்டார்கள். எனக்கும் அங்கிருந்து பிறகு அழைப்பு வரவில்லை. வாங்கில் இருந்தவனை வளவாளராகப் போடமாட்டார்கள்தானே.

அரைவாசித் தலை

"போய் நேர சொல்லிப்போட்டு வாங்கோ," என்றாள் ரீட்டா. "இஞ்ச கிடந்து பெருமூச்சு விடாதேங்கோ. எங்களுக்கு மின்விசிறி போதும்."

என்னத்தைச் சொல்வது? பணிப்பாளர் அறையில் நான் கத்தியதைப் பிலோமினா அறிந்திருக்க ஞாயமில்லை; அறிந்திருந்தால் அன்று கண்ணால் கேட்டிருக்கமாட்டார். அறியாததைப் போய்ச் சொல்வானேன் என்று மனம் சொன்னது. மன்னிப்புக் கேட்பதென்றால் அந்தக் கறண்ட் கதைக்கே கேட்கலாம். அது கொஞ்சம் பழையது. கேட்பதற்கு லேசானது. என்னுடைய வருத்தத்திலும் நான் விலை குறைந்ததைத்தான் எடுத்துக்கொண்டேன்.

வங்காலையில் கோயிலடியில் பஸ் இறக்கிவிட்டது. விசாரித்துக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் அவருடைய கணவர் அன்ரன் நின்றார். கடலுக்குப் போகிற மனிதர். அன்று போகவில்லை.

"இப்ப கனநாளா நானும் தூரக்கடல் போறேல்ல, சேர்," என்றார் குரலைத் தாழ்த்தி. "இவவைத் தனிய விட்டிட்டுப் போகப் பயமாக் கிடக்கு. வாங்கோ. அவ கனக்கக் கதைக்கமாட்டா."

வீட்டுக்குள் மயிர் பொசுங்குகிற மணம்.

பிலோமினா கதிரையில் இருந்தார். அவருக்கு முன்னால் பலகைக்கட்டையில் மகள், எட்டு வயது இருக்கும். பிலோமினாவின் கையில் தலைமயிரை நேராக்குகிற மின்சாரக் கருவி. பிள்ளையின் தலையில் ஒரு பக்கம் அம்மாவின் சுருள், பந்துபந்தாக. மற்றப் பக்கம் நேராகி, கருகி, விறைத்துப்போய்த் தொங்கியது.

"பிள்ளைக்குக் கோயில்ல முதல் நன்மைச் சடங்கு வருது," என்றார் அன்ரன், எனக்கு விளக்கம் சொல்லவேண்டும் என்று நினைத்து. "நாள்தோறும் இழுத்துப் பழக்கினா நேரா நிண்டிடுமாம். விடிய எழும்பினாப் பழையபடி சுருண்டிடுது. திரும்ப இழுக்கிறா."

"அம்மா, சுடுது," என்றது பிள்ளை.

"கொஞ்சம் பொறு."

"சுருள் வடிவாத்தானே இருக்கு," என்றேன்.

பிலோமினா கருவியை எடுக்காமலே சொன்னார். "நீங்கள் சொல்லுவீங்கள், சேர். வகுப்பில சொல்லமாட்டினம்."

அவருடைய கண் என் பக்கம் வரவில்லை. முன்பு நன்றியுரை சொன்ன குரலில் ஒரு துண்டும் மிச்சமில்லை. தண்ணீருக்கு அடியில் இருந்து வருகிற குரல். ஓலைத்தொடுவாய்ப் பெண்கள் இரண்டு தரம் வந்து பார்த்தார்களாம். கருவாடு கொண்டுவந்தார்களாம். இவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். அன்ரன் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, கருவி இழுத்துக்கொண்டே இருந்தது. மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து கீழே. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சின்னப் புகை.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனது. அன்றைக்கு மண்டபத்தில் நான் சொன்ன அந்தப் பகிடி சொல்லத்தகாதது என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்ததை நான் மறக்கவில்லை என்றேன். அந்தச் சிரிப்பு உங்கள் நெஞ்சில் எப்படிக் குத்தியிருக்கும் என்று நினைத்து நான் நித்திரையில்லாமல் கிடக்கிறேன் என்றேன். நித்திரை என்ற சொல்லை அந்த வீட்டில் சொன்னபிறகுதான் வாயைக் கடித்தேன். கடைசியில் கண்ணும் கொஞ்சம் கலங்கியது. என்னை நானே மெச்சிக்கொள்கிற அளவுக்கு நல்ல பேச்சு.

பிலோமினா முதல் தடவையாகக் கருவியை எடுத்துக் கீழே வைத்தார்.

"எந்தப் பகிடி, சேர்?"

"அந்த... கறண்ட் நிண்ட கதை. நீங்கள் குசினிக் கதவடியில நிண்டு..."

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"நான் அண்டைக்கு மண்டபத்துக்க வரவேயில்லையே, சேர். ரோல்ஸ் எல்லாருக்கும் போதாமப் போச்சு. குசினிக்க நிண்டு ஒவ்வொண்டையும் ரெண்டா வெட்டிக்கொண்டு நிண்டனான். ஒரு சொல்லும் என்ர காதில விழேல்ல."

"இல்லை, மனப்பாரம் குறைஞ்சதெண்டு நன்றியுரையில..."

"அது எல்லா வளவாளருக்கும் சொல்லுறது," என்றார், கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு. "அதுக்கு முதல் மாசம் கோழி வளர்ப்புக்கு வந்தவருக்கும் அதைத்தான் சொன்னனான்."